நபுகோயே குன்று: அன்றும் இன்றும்

1903ஆம் ஆண்டு பிரிட்டிஷ் அரசு ஐரோப்பிய யூதர்களுக்குக் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிலம் தர முன்வந்தது. ‘உகாண்டா திட்டம்’ என்று பெயர் பெற்றாலும் அந்த நிலம் இன்று கென்யாவில் இருக்கிறது. யூதர்களுக்குத் தாயகம் தேடிய சியோனிய இயக்கத்தின் மாநாடு 1905இல் கூடி அதை வேண்டாம் என்றது. ஐரோப்பாவிலிருந்து யூதர்கள் வரவில்லை. ஆனால் பதினான்கு ஆண்டுகள் கழித்து, எல்கன் மலைக்கு மேற்கே, உகாண்டாவின் இம்பாலே பகுதியில், உள்ளூர்ப் படைத்தலைவர் ஒருவர் தாமாகவே யூதரானார்.

அவர் செமெய் கக்குங்குலு. கிழக்கு உகாண்டாவைப் பிரிட்டிஷாருக்கு வென்று கொடுத்தவர். தம்மை அங்கே அரசராக்குவார்கள் என்று நம்பியிருந்தார், ஆக்கவில்லை. மனக்கசப்போடு விலகி, மருந்து உட்கொள்வதை மறுத்த மலாக்கி என்ற கிறிஸ்தவச் சபையில் சேர்ந்தார். விவிலியத்தை ஊன்றிப் படித்தபோது, மோசேயின் கட்டளைகளை ஏன் பாதியில் விட வேண்டும் என்று தோன்றியது. 1919இல் தாமும் விருத்தசேதனம் செய்துகொண்டு பிள்ளைகளுக்கும் செய்வித்தார். அது யூதர்களின் வழக்கமாயிற்றே என்றார்கள் சபையார். அப்படியானால் நாங்கள் யூதர்கள்தான் என்று பிரிந்து வந்துவிட்டார்.

பதவி கிடைக்காத கோபம்தான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிடுவது எளிது. எனக்கு அது போதுமானதாகத் தெரியவில்லை. கோபத்தில் ஒருவர் சபை மாறலாம்; ஓய்வுநாளை வாரந்தோறும் காத்து, 1922இல் தம் மக்களுக்கு வழிபாட்டு நூலும் எழுதி, சாகும்வரை அதிலேயே நிற்க வேறொன்று வேண்டும். 1920இல் யோசேப்பு என்ற யூத வணிகர் வந்து ஆறு மாதம்போலத் தங்கி, பண்டிகை நாட்களையும் உணவு விதிகளையும் கற்றுத்தந்தார். அதுவரை கலந்திருந்த கிறிஸ்தவ வழக்கங்கள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. வெளியிலிருந்து கிடைத்த பாடம் நெடுங்காலத்துக்கு அவ்வளவுதான். 1928இல் கக்குங்குலு இறந்தார். அபயுதாயா என்ற அவருடைய மக்கள், உலக யூதர்களில் பெரும்பாலோர் அறியாமலே வாழ்ந்தார்கள்.

1971இல் இடி அமின் ஆட்சியைப் பிடித்தார். யூத வழிபாடு தடைசெய்யப்பட்டது. ஜெப ஆலயங்கள் மூடப்பட்டன. அச்சத்தில் பலர் இஸ்லாமுக்கும் கிறிஸ்தவத்துக்கும் போனார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. ஏறத்தாழ 3,000 பேர் இருந்த சமூகம் 300 பேராகச் சுருங்கியது என்கிறார்கள். எஞ்சியவர்கள் வீட்டுக்குள் ஒளிந்து ஜெபித்தார்கள். 1979 ஏப்ரல் 11 அன்று அமின் ஆட்சி விழுந்தது. அன்று மாலைதான் பஸ்கா பண்டிகை தொடங்கியது. எகிப்தின் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டதை நினைவுகூரும் பண்டிகை அது. அந்த ஆண்டு அவர்களுக்கு அது பழங்கதையாக இருந்திருக்காது.

1980களில் இளைஞர்கள் எழுந்தார்கள். இம்பாலேக்கு அருகிலுள்ள நபுகோயே குன்றில் கூடி வாழ்ந்து, உழைத்து, விவிலியச் சங்கீதங்களை லுகாண்டா மொழியில் ஆப்பிரிக்க மெட்டுகளில் பாடினார்கள். அந்தப் பாடல்கள் பின்னாளில் இசைத்தட்டாக வெளிவந்து கிராமி விருதுக்கும் பரிந்துரைக்கப்பட்டன. 2002இல் அமெரிக்காவிலிருந்து வந்த ரபிகள் (யூத மதகுருக்கள்) முறைப்படி மதமாற்றச் சடங்கு நடத்தினார்கள். எங்கள் பாட்டன் காலத்திலிருந்தே யூதர்களாய் இருக்கிறோம், மீண்டும் எதற்கு என்று சிலர் தயங்கினார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது.

அந்த இளைஞர்களில் ஒருவரான கெர்ஷோம் சிசோமு லாஸ் ஏஞ்சலிஸில் படித்து 2008இல் ரபியானார். 2016இல் உகாண்டா நாடாளுமன்றத்துக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். யூதர் மிகச் சிறுபான்மையாக உள்ள தொகுதியில் கிறிஸ்தவரும் முஸ்லிமும் போட்ட வாக்குகளால் வந்த வெற்றி அது. இதே பகுதியின் குன்றுகளில் 2004 முதல் மூன்று மதத்தாரும் சேர்ந்து கூட்டுறவாகக் காப்பி விளைத்து விற்கிறார்கள். கக்குங்குலு பெயரில் நடக்கும் உயர்நிலைப் பள்ளியிலும் மூன்று மதத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். சமூகத்தின் எண்ணிக்கை மீண்டும் 2,000ஐ ஒட்டி வந்துவிட்டது.

இவ்வளவுக்குப் பிறகும் வாசலில் நிறுத்திக் கேள்வி கேட்கிறார்கள். யூதர்கள் இஸ்ரேலில் குடியேற உதவும் யூத முகமை 2016இல் இவர்களை யூதர்களாக அங்கீகரித்தது. இஸ்ரேலின் உள்துறை அமைச்சகம் 2018இல் மறுத்தது. வம்சம் காட்டு, முத்திரை காட்டு என்று கேட்பவர்கள் அமின் காலத்து எட்டு ஆண்டுகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். புட்டி கிராமத்தில் உள்ள ஒரு பிரிவினர் தனியே பழைமைவாத (ஆர்த்தடாக்ஸ்) யூத வழியில் நடக்கிறார்கள். யார் சரி என்ற வாக்குவாதம் அபயுதாயா சமூகத்துக்குள்ளும் உண்டு.

ஆப்பிரிக்கா முழுவதையும் பார்த்தால் ஒரு பெரிய இடமாற்றம் தெரிகிறது. 1948இல் சுமார் இரண்டரை லட்சம் யூதர்கள் வாழ்ந்த மொராக்கோவில் இப்போது சில ஆயிரம் பேர்தான். எத்தியோப்பியாவின் தொன்மையான யூதர்களில் 14,000 பேருக்கு மேல் 1991இல் இரண்டே நாளில் விமானத்தில் இஸ்ரேல் போய்விட்டார்கள். பழைய ஊர்கள் காலியாக, கானாவின் செஃப்வி வியாவ்சோவிலும், நைஜீரியாவின் இக்போ மக்கள் நடுவிலும் புதிய ஜெபக் குழுக்கள் தோன்றின. மடகாஸ்கரில் 2016ஆம் ஆண்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் முறைப்படி யூதரானார்கள். அவர்களுக்கும் அதே முத்திரைக் கேள்விதான் காத்திருக்கிறது.