பக்கவாதத்திற்குப் பின் மீண்டும் நடக்க

பக்கவாதம் கண்டவரைப் படுக்கையிலேயே வைத்து, எல்லாவற்றையும் பிறரே செய்து கொடுப்பது அன்பினால்தான். ஆனால் அந்த அன்பே அவர் மீண்டும் நடப்பதற்குத் தடையாகிவிடக் கூடும்.

மூளையின் ஒரு பகுதி பழுதடைந்தாலும், எஞ்சிய பகுதிகள் அதன் வேலையை ஓரளவு கற்றுக்கொள்ளும். அதற்குத் திரும்பத் திரும்பப் பயிற்சி வேண்டும். முதல் 24 மணி நேரத்தில் அவசரப்படுத்தலாகாது. டாக்டர் அனுமதித்தபின் தாமதமும் ஆகாது.

இதற்குப் பெரிய இயந்திரங்கள் கட்டாயமல்ல. அமெரிக்காவில் 408 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2011இல் வெளியிடப்பட்ட ஆய்வில், டிரெட்மில்லில் நடைபயின்றவர்களும், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் வீட்டிலேயே பயின்றவர்களும் ஓராண்டு முடிவில் ஏறத்தாழச் சமமாகவே முன்னேறியிருந்தனர்.

உறுதியான நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருதல், மேசையைப் பிடித்தபடி தளர்ந்த காலில் பாரம் ஊன்றுதல், பக்கவாட்டில் அடிவைத்தல் ஆகியவை சமநிலைக்கு நல்ல தொடக்கம். ஊன்றுகோல் நல்ல கையில் இருக்கட்டும். படி ஏறுகையில் நல்ல கால் முதலில்; இறங்குகையில் தளர்ந்த கால் முதலில். தளர்ந்த கையைப் பிடித்துத் தூக்காதீர்கள், தோள்மூட்டு விலகிவிடலாம். வழுக்கும் விரிப்புகளை அகற்றிவிடுங்கள்.

அருகில் நின்று, விழாமல் காத்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்பதை மட்டும் அவரே செய்யட்டும்.