விண்ணேறிய ஈக்கள்

குழந்தைகளுக்குக் கதை வேண்டும். கதையில் வீரம் வேண்டும். அவ்வீரம் புரிபவர் தம்மைப் போலச் சிறியவராகவும் இருத்தல் வேண்டும். பெல்ஜிய நாட்டவரான பென் ஸ்டாசன் இயக்கி 2008-ஆம் ஆண்டில் வெளிவந்த ‘ஃப்ளை மீ டு தி மூன்’ என்னும் சித்திரப்படம் இம்மூன்றையும் நிறைவாக அளிக்கின்றது. நாட், ஐக்யூ, ஸ்கூட்டர் என்ற மூன்று இளம் ஈக்கள், 1969-இல் நிலவுக்குச் சென்ற அப்பல்லோ-11 கலத்தில் ஒளிந்துகொண்டு பயணம் போவதே கதை.

இதனைக் குடும்பத்தோடு காணலாமா எனின், காணலாம் என்றே கூறுவோம். ஆயினும், இரண்டு செய்திகளைப் பெற்றோர் உடனிருந்து விளக்குதல் நலம்.

முதலாவது, கற்பனைக்கும் உண்மைக்கும் உள்ள எல்லை. நிலவில் நடந்த பஸ் ஆல்டிரினே படத்தின் முடிவில் தோன்றி, தம் கலத்தில் ஈ எதுவும் இருந்ததில்லை எனத் தெளிவுபடுத்துகிறார். அதனால், ஈக்கள் விண்வெளியைக் கண்டதே இல்லை எனப் பிள்ளைகள் எண்ணிவிடலாகாது. 1947 பிப்ரவரி 20 அன்று அமெரிக்கர் நியூ மெக்சிகோவிலிருந்து ஏவிய வி-2 ராக்கெட்டில் பழ ஈக்கள் சென்றன. ஏறத்தாழ 109 கிலோமீட்டர் உயரத்தை எட்டி, பாராசூட்டின் துணையால் உயிருடன் மீண்டன. வான்வெளிக் கதிர்கள் உயிர்களுக்கு என்ன தீங்கு விளைக்கும் என்பதை அறியவே அவற்றை அனுப்பினர். 1957-இல் சென்ற லைக்கா என்னும் நாய்க்குப் பத்தாண்டு முன்னரே வழி திறந்தவை இச்சிற்றுயிர்களே!

இரண்டாவது, பகைமை. படத்தில் சோவியத் ஈக்கள் சூழ்ச்சிக்காரராக வருகின்றன. இரு வல்லரசுகளும் அந்நாளில் போட்டியிட்டது மெய்தான். ஆனால், அவை 1975 ஜூலையில் தம் கலங்களை விண்ணில் இணைத்ததும், வீரர்கள் கைகுலுக்கியதும் மெய்யே. 1984-இல் நம் ராகேஷ் சர்மா விண்ணேறியதும் சோவியத் கலத்தில்தான். பல மொழியினரோடு ஒரே தெருவில் வாழும் நம் பிள்ளைகள், ஓர் இனத்தார் அனைவரையும் ஒருசேரத் தீயவரென எண்ணப் பழகுவது அவர்களுக்கும் கேடு, அயலார்க்கும் கேடு. விளையாட்டுப் படந்தானே என்று இதனை விட்டுவிடுதல் தகாது.

படம் ஆங்கிலத்தில் இருப்பினும், அதைப் பற்றிய பேச்சு வீட்டில் தமிழிலேயே நிகழட்டும். விண்கலம், கதிர், புவியீர்ப்பு ஆகிய சொற்கள் அவ்வழியே பிள்ளைகளின் நாவில் குடியேறும். படம் தரும் மகிழ்ச்சியோடு அறிவும் தமிழும் சேருமாயின், அம்மாலைப்பொழுது வீண்போகாது.