உங்களுக்குத் தெரியுமா? துணியில் விரிந்த காசி வானம்

1956-இல் வெளிவந்த சத்யஜித் ராயின் 'அபராஜிதோ' படத்தில் கதைநாயகன் அபுவின் குடும்பம் குடியிருக்கும் காசி வீட்டு முற்றத்தைப் பார்த்தால், மேலிருந்து இறங்குவது பகல் வெளிச்சம் என்றே தோன்றும். உண்மையில் அது ஸ்டூடியோவுக்குள் போட்ட செட்!

காசியின் பழைய வீடுகளில் நடுமுற்றத்துக்கு நேர்வெயில் அதிகம் வராது. வானத்திலிருந்து வடிந்து வரும் மென்மையான வெளிச்சம்தான். அதில் கூர்மையான நிழல் விழாது. ஸ்டூடியோ விளக்குகளை நேராக அடித்தாலோ, விளக்குக்கு ஒரு நிழலாகச் சுவரில் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா என்ன செய்தார்? செட்டுக்கு மேலே வெள்ளைத் துணியை வானம்போல இழுத்துக் கட்டினார். கீழே வைத்த விளக்குகளை நடிகர்கள்மேல் அடிக்காமல் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முற்றம் முழுக்கச் சீராகப் பரவியது.

'பவுன்ஸ் லைட்டிங்' எனப்படும் இந்த முறை இன்று உலகெங்கும் படப்பிடிப்புத் தளங்களில் அன்றாட வழக்கம். மித்ராவுக்கு அப்போது 30 வயதுகூட ஆகவில்லை; முந்தைய ஆண்டு வெளியான 'பதேர் பாஞ்சாலி'தான் அவர் ஒளிப்பதிவு செய்த முதல் படம். 'அபராஜிதோ' 1957-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருதை வென்றது.