பிரசவ வேதனையைத் தணிக்க மருந்து எவ்வளவு?

மகப்பேற்றின் வேதனையைத் தணிக்க முதுகுத் தண்டினுள் மருந்து செலுத்தும் முறை புதியதன்று. ஜெர்மனியில் கீல் நகரில் ஆகஸ்ட் பியர் என்னும் அறுவை மருத்துவர் 1898-ஆம் ஆண்டில் கொக்கேனைத் தண்டுவட நீரில் செலுத்தி, உடலின் கீழ்ப்பகுதியை உணர்விழக்கச் செய்தார். 1900-இல் ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில் ஆஸ்கர் கிரைஸ் இம்முறையைப் பிரசவ அறைக்குக் கொணர்ந்தார். அவரிடம் மருந்து பெற்ற ஆறு தாய்மாரின் வலி சில நிமிடங்களில் அடங்கியது. ஆயினும் வாந்தியும் கடுந்தலைவலியும் பின்தொடர்ந்தன.

ஆகவே மருந்து பலிக்குமா என்பதன்று கேள்வி. எவ்வளவு போதும் என்பதே. அளவு குறைந்தால் வேதனை தீராது. மிகுந்தால் கால்கள் மரத்துப்போகும். இரத்த அழுத்தம் தாழும். கருப்பைக்குச் செல்லும் இரத்தம் குறைந்து குழந்தைக்கும் இடையூறு நேரலாம். வயிற்றைக் கீறிக் குழந்தையை எடுக்கும் சிகிச்சைக்குப் புபிவக்கேன் என்னும் மருந்து ஏறத்தாழ 10 மில்லிகிராம் வேண்டியிருக்கிறது. இயல்பான பிரசவத்திலோ தாய் தன் முயற்சியால் குழந்தையை வெளித்தள்ள வேண்டும். வலி நீங்க வேண்டும், வலிமை நீங்கலாகாது.

இவ்வளவை அறிய உதவிய கணக்குமுறை மருத்துவத்தில் பிறந்ததன்று என்பது வியப்பிற்குரியது. வெடிமருந்தின்மீது எடையொன்றை எந்த உயரத்திலிருந்து போட்டால் அது வெடிக்கும் எனச் சோதித்தவர்களுக்காக டிக்சன், மூட் என்னும் புள்ளியியலார் 1948-இல் விளக்கிய முறை அது. முதல் தாய்க்கு ஓர் அளவு தரப்படும். வலி அடங்கினால் அடுத்தவருக்கு ஒரு படி குறைப்பர்; அடங்காவிடில் ஒரு படி கூட்டுவர். இவ்வாறு ஏறியிறங்கி, பாதிப் பேருக்குப் பலிக்கும் அளவைச் சூழ்ந்து எண்கள் நிற்கும். முப்பது, நாற்பது பேரைக்கொண்டே விடை கிடைத்துவிடுகிறது. கொலம், லயன்ஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர்கள் 1995-இல் இம்முறையைப் பிரசவ வலிநீக்கத்திற் கையாண்டு காட்டினர்.

வலி தீராத தாயை அவ்வாறே விடுவதில்லை. குறித்த நேரம் கழிந்ததும் கூடுதல் மருந்து தரப்படும். இந்த நிபந்தனையின்றி இவ்வாய்வை மனச்சான்று ஏற்காது.

பிரிட்டனிலிருந்து 2001-இல் வெளியான ஆய்வொன்றில், தண்டுவட நீரில் தனியே செலுத்திய புபிவக்கேனுக்கு இந்தப் பாதியளவு 1.99 மில்லிகிராம் எனத் தெரிந்தது. அபினியின் செயலை ஒத்த பென்டனில் என்னும் மருந்தில் வெறும் 5 மைக்ரோகிராம் கலந்தபோது அது 0.69 மில்லிகிராமாகச் சுருங்கிற்று. பென்டனிலை 25 மைக்ரோகிராமாக உயர்த்தியும் மேலும் குறையவில்லை. வலியற்ற நேரம் நீண்டது; உடலரிப்பும் மிகுந்தது.

ஆனால் பாதிப் பேரைக் கைவிடும் அளவை எந்த மருத்துவர் கையாள்வார்? மருந்துகளை ஒப்பிடவே அது பயன்படும். பத்தில் ஒன்பதின்மருக்குப் பலிக்கும் அளவைக் காண, அதே முறையைச் சற்றே மாற்றியுள்ளனர். ஆசிரியர்கள் இதனை வகுப்பிலேயே செய்துகாட்டலாம். பெட்டியில் ஒன்பது சீட்டுகள். ஒன்று மட்டும் சிவப்பு. வலி தீராவிடில் தயங்காது ஒரு படி கூட்டுக. தீர்ந்தால் ஒரு சீட்டை எடுத்துப் பார்த்துப் பெட்டியிலிடுக. சிவப்பு வந்தால் மட்டுமே ஒரு படி குறைக்க, இல்லையேல் அதே அளவைத் தொடர்க. ஒன்பது வெற்றிகளுக்குச் சராசரியாக ஓர் இறக்கம், ஒரு தோல்விக்கு ஓர் ஏற்றம். இரண்டும் சமன்படும் இடமே நாம் தேடும் அளவு.

நடைமுறையில் பெரும்பாலும் 1.25 முதல் 2.5 மில்லிகிராம் வரை புபிவக்கேனுடன் சிறிது பென்டனில் சேர்க்கின்றனர். மயக்க மருந்து வல்லுநரும், தாயின் இரத்த அழுத்தத்தையும் குழந்தையின் இதயத் துடிப்பையும் கண்காணிப்போரும் உள்ள மருத்துவமனையிலேயே இதனைச் செய்தல் வேண்டும். ஒருமுறை செலுத்திய மருந்தின் பயன் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரமே. முதற்பேற்றின் வேதனையோ அதனினும் பன்மடங்கு நீளக்கூடும். ஆதலின் அதே வேளையில் தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய குழாயொன்றையும் பொருத்தி, முதல் மருந்தின் பயன் தேயும்போது அதன்வழியே மருந்தைத் தொடர்கின்றனர்.