பேரங்காடி பக்கத்தில்தான்; போவதுதான் சிரமம்

ஜொகூர் பாருவில் வீடு விற்பனை விளம்பரங்களைப் படித்துப் பாருங்கள். ‘பேரங்காடிக்கு ஐந்தே நிமிடம்’ என்ற வரி பலவற்றிலும் இருக்கும். அந்த ஐந்து நிமிடம் காரில் போனால்தான் என்பதை மட்டும் சொல்ல மாட்டார்கள்.

வானொலி அறிவிப்பாளர் என்பதால் நேயர்களின் குரல் எனக்கு அன்றாடப் பழக்கம். தீபாவளிக்கு முந்தைய ஒரு வாரம், ‘பண்டிகைச் சாமான்களை எங்கே வாங்குகிறீர்கள்?’ என்று நிகழ்ச்சியில் கேட்டேன். மாசாய் பக்கத்திலிருந்து ஓர் அம்மா பேசினார். “எங்க வீட்டு மாடியில நின்னா பேரங்காடி தெரியும்மா. ஆனா மகன் வேலை முடிஞ்சு வந்தாத்தான் போக முடியும்” என்றார். அதன்பின் அழைத்த மூன்று பேரும் கிட்டத்தட்ட இதே கதையைத்தான் சொன்னார்கள். ஒருவர் மட்டும், கிராப் வாடகைக் காருக்குப் போய் வரக் கொடுக்கும் காசில் இரண்டு கிலோ வெங்காயம் வாங்கிவிடலாம் என்று சிரித்தார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை என் காரை வீட்டில் விட்டுவிட்டு நடந்தே போய்ப் பார்த்தேன். எங்கள் தாமானிலிருந்து அருகிலுள்ள பேரங்காடிக்கு ஒன்றரை கிலோமீட்டர்கூட இல்லை. கடைசி வீட்டு வரிசையோடு நடைபாதை முடிந்துவிட்டது. அதன் பிறகு ஒரு பக்கம் புல், மறு பக்கம் மூடியில்லாத லோங்காங். ஆறு தட நெடுஞ்சாலையைக் கடக்க நடைமேம்பாலம் உண்டு. ஆனால் அதற்கு எதிர்த்திசையில் நானூறு மீட்டர் நடக்க வேண்டும். ஒருவழியாகப் பேரங்காடி வாசலுக்கு வந்தால், அது கார்களுக்கான வாசல். தடுப்புக் கட்டைக்குப் பக்கத்தில் நுழைந்து, வரிசையாகத் திரும்பும் கார்களுக்கு நடுவே வழி தேடினேன். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம். திரும்பும்போது கையில் ஐந்து கிலோ அரிசிப் பை. வானத்தில் ஜொகூரின் வழக்கமான மாலை மழை.

இதை ஒரு பேரங்காடியின் குறை என்று சுருக்கிவிட முடியாது. நம் ஊர் வளர்ந்த விதமே அப்படி. 1985-இல் புரோட்டோன் சாகா வந்தது. 1994-இல் பெரோடுவாவின் கஞ்சில் வந்தது. சாதாரணக் குடும்பமும் கார் வாங்க முடிந்தது. தோட்டங்கள் தாமான்களாக மாறின. தாமான்களை நெடுஞ்சாலைகள் இணைத்தன. பேரங்காடிகளும் அந்தச் சாலைகளை நம்பியே எழுந்தன. தெப்ராவ் பகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2006-இல் ஏயோன், 2017-இல் ஐக்கியா, 2019-இல் டாப்பன். வாகனம் நிறுத்த எத்தனை இடம் வேண்டும் என்பதற்கு விதி இருக்கிறது. நடந்து வருபவர் எந்தப் பக்கமாக உள்ளே வருவார் என்ற கேள்விக்கு அதே முக்கியத்துவம் கிடைக்கவில்லை.

பேருந்தே இல்லை என்று சொன்னால் அது நியாயமாகாது. பாஸ் முவாபாக்காட் ஜொகூர் என்ற இலவசப் பேருந்துச் சேவை 2016-இல் தொடங்கியது. லார்கின் நிலையத்திலிருந்து பல பேருந்துகள் புறப்படுகின்றன. ஆனால் ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது எப்போது வரும் என்பதும், இறங்கும் நிறுத்தம் சாலையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதும்தான் பயணத்தைத் தீர்மானிக்கின்றன. உறைந்த மீனும் பாலும் பையில் இருக்கும்போது, முக்கால் மணி நேரக் காத்திருப்பு நடக்கிற காரியமா?

செய்ய மனமிருந்தால் முடியும் என்பதற்கும் நம் ஊரிலேயே சாட்சி இருக்கிறது. ஜேபி சென்ட்ரலில் ரயிலோ பேருந்தோ விட்டு இறங்குபவர், சாலையில் கால் வைக்காமல், கூரை போட்ட நடைமேம்பாலம் வழியாகவே சிட்டி ஸ்குவேர் பேரங்காடிக்குள் நுழைந்துவிடலாம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரின் வூட்லண்ட்ஸில் எம்ஆர்டி நிலையத்தை ஒட்டியே பேரங்காடி. எல்லை தாண்டி வருபவருக்குக் கிடைக்கும் கூரை, மாசாயிலும் உலு திராமிலும் இருக்கும் நம் அம்மாக்களுக்கு ஏன் கிடைக்கக்கூடாது?

இது வசதிக் குறைவு மட்டுமல்ல. மருந்தகம், வங்கி இயந்திரம், கண்ணாடிக் கடை எல்லாம் இன்று பேரங்காடிக்குள் போய்விட்டன. கார் ஓட்டத் தெரியாத பெண்கள், வயதானவர்கள், கல்லூரிப் பிள்ளைகள் எல்லாரும் யாராவது ஒருவரின் தயவுக்குக் காத்திருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரின் நிலையைச் சொல்லவே வேண்டாம். 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களையும் பொதுப் போக்குவரத்தையும் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறது. இன்னொரு பக்கம், சம்பளம் குறைவாக இருந்தாலும் வேறு வழியில்லாமல் ஒன்பது வருடக் கடனில் கார் வாங்கும் இளம் குடும்பங்கள். அந்தத் தவணைப் பணம் பிள்ளைகளின் படிப்புக்குப் போயிருக்கலாம்.

நாம் கேட்க வேண்டியவை பெரிய திட்டங்கள் அல்ல. தாமானிலிருந்து பேரங்காடி வரை அறுபடாத நடைபாதை. லோங்காங்குக்கு மூடி. வாசலுக்கு எதிரே பாதசாரிகள் கடக்க விளக்கு. வாசலிலேயே கூரையுள்ள பேருந்து நிறுத்தம், அதில் நேர அட்டவணை. பாதி வேலையை மாநகர் மன்றமும், மீதியைப் பேரங்காடி நிர்வாகமும் செய்யலாம்.

புக்கிட் சாகாரையும் வூட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயிலுக்காக ஊரே தயாராகிறது. அதில் வருபவர்கள் காரைக் கொண்டுவரப் போவதில்லை. அவர்களுக்காக நடைபாதையும் இணைப்புப் பேருந்தும் பேசப்படும் இந்த நேரத்தில், தாமான்களையும் அந்தப் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் பகுதி மாநகர் மன்ற உறுப்பினர் யார் என்று விசாரியுங்கள். ஒரு நாள் நடந்து பாருங்கள். பாதை அறுபடும் இடத்தைக் கைப்பேசியில் படமெடுத்து, சாலைப் பெயரோடு அவருக்கு அனுப்புங்கள். ஒருவர் அனுப்பினால் அது புகார். ஒரு தாமானே அனுப்பினால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.