உருவம் தெரிந்த நாள்

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் குழித்தறியில் உட்கார்ந்து நெய்பவருக்குத் தன் சேலை முழுசாகக் கண்ணில் படுவதில்லை. நெய்தது நெய்ததாகக் கட்டையில் சுருண்டுகொண்டே போகும். கரையும் உடலும் முந்தியும் சேர்ந்து எப்படி அமைந்திருக்கின்றன என்பது அறுத்து விரிக்கும்போதுதான் தெரியும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்!

தேஜஸ் போர் விமானத்தை உருவாக்கியவர்களுக்கு அந்த நாள் 1995 நவம்பர் 17. அதற்கென 1984-ல் பெங்களூரில் அமைப்பு தொடங்கி, கோட்டா ஹரிநாராயணா தலைமையில் ஆளுக்கொரு பாகமாக உழைத்தவர்கள், முதல் விமானம் முழு உருவத்தோடு கூடத்தைவிட்டு வெளியே வருவதை அன்று பார்த்தார்கள்.

காஞ்சிக்காரனான என்னை இழுப்பது அதன் இழைதான். தேஜஸின் மேற்பரப்பில் பெரும்பகுதி உலோகமே அல்ல, கரிம இழை. தலைமுடியைவிட மெல்லிய இழைகளைப் பிசினில் தோய்த்து, அடுக்கின்மேல் அடுக்காக வைக்கிறார்கள். ஓர் அடுக்கில் இழை நேராக ஓடினால், அடுத்ததில் சாய்வாக, இன்னொன்றில் குறுக்காக. இறக்கை எங்கே வளையும், எங்கே முறுக்கும் என்ற கணக்குத்தான் இழையின் திசையைத் தீர்மானிக்கிறது. பிறகு அழுத்தமும் வெப்பமும் கொடுத்து இறுகச் செய்வார்கள். காகிதத்தில் போட்ட வளைவு கைக்குத் தட்டுப்படும் பொருளாகிவிடும்.

அன்று வெளியே வந்த விமானம் பறப்பதற்கு இன்னும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. சட்டென்று திரும்புவதற்காகத் தேஜஸை வேண்டுமென்றே நிலையற்றதாக வடிவமைத்திருந்தார்கள். கணினி இடைவிடாமல் திருத்தாவிட்டால் பறக்காது. 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை போட, அங்கே நடந்துகொண்டிருந்த மென்பொருள் வேலை நின்றது. நம்மவர்கள் மீதியைத் தாங்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று விமானி ராஜீவ் கோத்தியால் அதை வானில் ஏற்றினார். நாடு கொண்டாடுவது இந்த நாளைத்தான். நான் 1995-ஐயும் இதற்கு இணையாக வைப்பேன். தங்கள் கணக்கு ஒன்றோடொன்று பொருந்தி நிற்பதை அவர்கள் கண்ணால் கண்டது அன்றுதான்.

இன்று அந்த மகிழ்ச்சி தமிழ்நாட்டுக்கும் வந்திருக்கிறது. தேஜஸ் மார்க்-1ஏ ரகத்தின் முதல் இறக்கைத் தொகுதியை 2025 ஜூலையில் லார்சன் அண்ட் டூப்ரோ தன் கோவை ஆலையிலிருந்து ஒப்படைத்தது. எஞ்சினுக்குக் காற்றை வாங்கித் தரும் பாகத்தைச் செய்யும் பொறுப்பு, நூற்பாலை இயந்திரங்களுக்குப் பேர்போன கோவை லட்சுமி மெஷின் ஒர்க்ஸிடம் இருக்கிறது. பொறியியல் படிக்கும் நம் ஊர் நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளை அந்தப் பட்டறைகளுக்கு ஒருமுறையாவது அழைத்துப் போக வேண்டும்.