ஹெச்டிஎம்ஐ கேபிள்: விலை கூடினால் படம் தெளிவாகுமா?

புது 4கே டிவி வாங்கி பில் போடும்போது கடையில் ஒரு கேள்வி வரும்: "சார், நல்ல கேபிளா ஒண்ணு போட்டுடவா?" கையில் கொடுப்பது தங்க முலாம் பூசிய, ஆயிரக்கணக்கில் விலையுள்ள ஹெச்டிஎம்ஐ கேபிள். அது தேவைதானா?

பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையில்லை. ஹெச்டிஎம்ஐ கேபிளில் போவது டிஜிட்டல் சிக்னல். அது சரியாகப் போய்ச் சேர்ந்தால், மலிவான கேபிளிலும் அதே படம்தான். கேபிள் திணறினால் வண்ணம் மங்காது. திரையில் புள்ளிகள் மின்னும், படம் விட்டுவிட்டு வரும், சில நேரம் வரவே வராது. இந்தத் தொல்லை எதுவும் இல்லைன்னா, கேபிளை மாத்தி எந்தப் பயனும் இல்லை. தங்க முலாம் கனெக்டர் துருப்பிடிக்காமல் காக்கும், அவ்வளவுதான்.

பார்க்க வேண்டியது வேகம். செட்டாப் பாக்ஸுக்கும் ஓடிடிக்கும் நொடிக்கு 18 ஜிகாபிட் தாங்கும் 'பிரீமியம் ஹை ஸ்பீடு' கேபிள் தாராளம். பிஎஸ்5-ல் 4கே, 120 ஹெர்ட்ஸில் கேம் ஆடுபவர்களுக்கு 48 ஜிகாபிட் 'அல்ட்ரா ஹை ஸ்பீடு' கேபிள் வேணும். அதுவும் பிஎஸ்5 பெட்டியிலேயே வந்துடும்.

புரொஜெக்டருக்காக நீளமாக இழுக்கும்போதுதான் உஷார். நீளம் கூடக்கூட சிக்னல் பலவீனமாகும். சுவருக்குள் பதித்த பிறகு மாற்றுவதும் பெரும்பாடு. அங்கே சான்றிதழ் பெற்ற கேபிளுக்குச் செலவழிக்கலாம்.

அட்டையில் '8கே' என்று யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். சான்றிதழ் லேபிளில் க்யூஆர் கோடு இருக்கும்; ஹெச்டிஎம்ஐ அமைப்பின் செயலியில் ஸ்கேன் செய்தால் அசலா போலியா என்று தெரிஞ்சிடும். காசு கொடுப்பதாக இருந்தால் அந்த லேபிளுக்குக் கொடுங்க, தங்கத்துக்கு வேண்டாம்.